ஓட்டையை விரலால் படியுங்கள்

தொல்லுயிரியல் பெறுபேறு நேற்று வந்தது. இரண்டாம் தடவையில் பாஸ். அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய்வந்த பிறகுதான் சாப்பிட்டார். வேட்டை நத்தைகள் ஓடுகளைத் துளைத்து உள்ளிருக்கும் உயிரைத் தின்னும், அந்தத் துளைகளைப் படிப்பது பற்றி, அடுத்ததாக எழுதப்போகும் தம்பி தங்கைமாருக்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

போன முறை என்னைக் கவிழ்த்தது ஒரு கணக்கு. உதிரியாகக் கிடந்த 200 மட்டி ஓடுகள், 30இல் நத்தை போட்ட துளை. எத்தனை சதவீத மட்டிகள் இரையாகின? 15 என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். மட்டிக்கு ஓடு இரண்டு. கொல்வதற்கு ஒன்றைத் துளைத்தால் போதும். ஆக மட்டிகள் 100, விடை 30. சங்கு வகைக்கு இப்படிப் பாதியாக்கக் கூடாது. "ஓடு" என்று கேட்கிறார்களா, "விலங்கு" என்று கேட்கிறார்களா? அதைப் பாராமல் கணக்கில் இறங்காதீர்கள். தயவுசெய்து!

செய்முறைக்கு நான் படித்தது உப்புவெளிக் கடற்கரையில். பின்னேரம் அலை ஒதுக்கிய மட்டிகளைப் பொறுக்கிவந்து, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையின் விளிம்பை நகத்தால் தடவுவேன். வாய் அகன்று கிண்ணம்போலச் சரிந்தால் நாட்டிசிட் என்ற வேட்டை நத்தைக் குடும்பம். குழாய்போல நேரே இறங்கினால் பெரும்பாலும் மூரிசிட் என்ற இன்னொரு குடும்பம். ஓட்டின் உச்சியான கொண்டைப் பக்கம் வழவழவென்று, வட்டம் கோணியிருந்தால் அலை தேய்த்தது. பொட்டுப் பொட்டாக நிறைய இருந்தால் ஓடு குடையும் கடற்பஞ்சைச் சந்தேகியுங்கள். தொல்லுயிரியலாளர் கீரட் வெர்மெய் மூன்று வயதில் பார்வை இழந்தவர். ஓடுகளை விரலால் தடவியே ஆராய்பவர். டைனோசர் காலத்துக் கடலில் வேட்டையும் ஓட்டின் தற்காப்பும் போட்டிபோட்டு வலுத்தன என்னும் மீசோசோயிக் கடல் புரட்சிக் கருத்தை 1977இல் முன்வைத்தவர் அவர்தான். தோற்றுப்போயிருந்த மாதங்களில் எனக்கு அது பெரிய தெம்பு.

மற்றவை:

- ஓய்க்னஸ் என்பது புதைபடிவ ஓட்டிலுள்ள துளையின் பெயர், துளைத்த விலங்கின் பெயரல்ல. பெயர் வைத்தவர் பிரொம்லி, 1981.
- பாதியில் நின்ற துளையின் நடுவே சிறு மேடு: நாட்டிசிட்.
- துளைக்கு மிகப் பழைய உதாரணம் கேட்டால் குழாய் ஓடுள்ள கிளவுடினா என்ற கடலுயிர், ஏறத்தாழ 55 கோடி ஆண்டு.
- அம்மொனைட்டில் (அழிந்துபோன சுருள் ஓட்டு உயிர்) வட்ட ஓட்டைகள்: மொசசோர் என்ற கடல் ஊர்வன கடித்ததா, லிம்பெட் என்ற ஒட்டு நத்தை ஒட்டியிருந்த தடமா? இரண்டு வாதத்தையும் எழுதுங்கள்.

அப்புறம் தழும்பு. நண்டு உடைத்த ஓட்டு விளிம்பு மறுபடி வளர்ந்திருந்தால் அந்த உயிர் தப்பியிருக்கிறது. தழும்பு கூடினால் வேட்டையும் கூடியது என்று எழுதிவிடாதீர்கள். நண்டு பலவீனமாக இருந்தாலும் தழும்பு கூடும். பலமான நண்டு முழு ஓடையும் நொறுக்கியே விடும், தழும்பு மிஞ்சாது. இந்த முறை கட்டுரை வினாவில் இதை அரைப் பக்கம் எழுதினேன். அந்த வினாவில்தான் கரை சேர்ந்தேன் என்று நம்புகிறேன்.