கல்லைப் புரட்டும் வேலை

2024 ஜனவரி 7, ஞாயிறு. பாபநாசம்

வெள்ளம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றுதான் தாமிரபரணிக்குள் இறங்க முடிந்தது. ஆற்றுப் பூச்சிகளை எண்ண, பத்து ஆண்டுகளாக மாதம் ஒரு முறை வந்து நிற்கும் இடம். கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தெரியும் என்று நினைத்திருந்தேன். இன்று அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரமானது. பையை வைக்கும் பாறை இருந்த இடத்தில் மணல்திட்டு. கரையில் நின்ற மூன்று மருதமரங்களில் ஒன்று வேர் மேலாகக் கிடக்கிறது. மற்ற இரண்டின் கிளைகளில், நான் கை நீட்டினாலும் எட்டாத உயரத்தில், வைக்கோலும் துணியும் சிக்கியிருக்கின்றன. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்கள் தீவுகளாயின. இரண்டு வாரம் நானும் மாணவர்களும் அரிசியும் போர்வையும் சுமந்தோம். ஆராய்ச்சி நினைவே எழவில்லை.

இன்று வலையை ஊன்றி, அதற்கு மேற்புறம் நின்று, ஒரு நிமிடம் காலால் கற்களைக் கிளறினேன். கல்லைப் பற்றியிருக்கும் பூச்சிகள் பிடி விட்டதும் நீரோட்டம் அவற்றை வலைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். அதை வெள்ளை எனாமல் தட்டில் கொட்டிப் பார்ப்போம். வழக்கமாகத் தட்டு முழுவதும் உயிர் நெளியும். இன்று மணல், இலைத் துணுக்குகள், ஒரு சட்டைப் பொத்தான். கால் மணி நேரம் குனிந்து பார்த்தேன். இன்னும் இரண்டு இடங்களில் கிளறினேன். குறிப்பேட்டில் 0, 0, 0 என்று எழுதினேன். இந்த இடத்துக்கு நான் எழுதிய முதல் பூஜ்யங்கள்.

2024 ஜனவரி 10, புதன்

சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, ஸ்ரீவைகுண்டம் மூன்றையும் பார்த்துவிட்டேன். எங்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். திருநெல்வேலி நகரத்துக்குக் கீழே ஆற்றை மூடிக் கிடந்த அமலைச்செடிகள், அதாவது ஆகாயத்தாமரைகள்கூட ஒன்று விடாமல் கடலுக்குப் போய்விட்டன.

2024 ஜனவரி 28, ஞாயிறு. பாபநாசம்

வந்துவிட்டார்கள்!

தட்டில் ஏழெட்டு பீட்டிட் குஞ்சுகள். மேஃப்ளை என்னும் பூச்சி வகையில் சிறியவை, மீன்குஞ்சு போல் விசுக்கென்று நீந்துபவை. ஒரு கல்லில் கருப்பு ஈயின் புழுக்களும் இருந்தன. இவை வாயிலிருந்து பட்டு நூலைச் சுரந்து கல்லில் ஒரு திண்டு செய்து, உடலின் பின்முனையில் உள்ள கொக்கிகளை அதில் மாட்டிக்கொண்டு ஓட்டத்தில் நிற்கும். கல் வெறுமையாக இருந்தால் இவற்றுக்குக் கொண்டாட்டம். போட்டிக்கு ஆள் இல்லை.

எங்கிருந்து வருகின்றன என்று உடன் வந்த மாணவி கேட்டாள். நான்கு வழிகளைச் சொன்னேன். மேலே மலை ஓடைகளில் தப்பியவை மிதந்து வருகின்றன. சில, கீழிருந்து ஊர்ந்து ஏறுகின்றன. சில, வெள்ளத்தின்போது ஆற்றுப் படுகைக்குள், கூழாங்கற்களின் இடுக்கில் ஆழமாக இறங்கி ஒளிந்திருந்துவிட்டு மேலே வருகின்றன. மற்றவை சிறகு முளைத்த தாய்ப்பூச்சிகள் பறந்து வந்து இட்ட முட்டைகள். அவள் கையில் இருந்த கல்லைப் பதமாக, எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திரும்ப வைத்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இவள் இந்த வேலைக்கு வருவாள் என்று அப்போது தோன்றியது.

2024 பிப்ரவரி 14, புதன்

நாள் முழுவதும் நுண்ணோக்கி. கழுத்து இறுகிவிட்டது.

மேஃப்ளை குஞ்சுகளின் வயிற்றுப் பக்கவாட்டில் செவுள்கள் இருக்கும். இலை போல, நூல் போல, இறகு போல, குடும்பத்துக்கு ஒரு வடிவம். இந்தச் செவுளை வைத்துத்தான் பெரும்பாலும் இனம் பிரிக்கிறோம். மாதக்கணக்கில் நீருக்குள் வாழ்ந்துவிட்டு, சிறகு முளைத்த பிறகு மறுபடியும் ஒருமுறை தோல் உரிக்கும் பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். பறக்கும் பருவத்தில் இரை எடுப்பதே இல்லை.

நம் பக்கத்து மேஃப்ளைகளை இன்று பெயர் சொல்லி அழைக்க முடிகிறது என்றால், அதில் மதுரைக் கல்லூரியில் பணியாற்றிய கே.ஜி.சிவராமகிருஷ்ணனின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து புதிய இனங்களை விவரித்தவர். பெரிய நகரத்து ஆய்வகம் எதுவும் இல்லாமல் தென் மாவட்டக் கல்லூரிகளிலிருந்து இந்த வேலை நடந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் தெம்பு தருவது.

அந்தத் தெம்பு இன்று தேவைப்பட்டது. நிதி கேட்டு அனுப்பியிருந்த விண்ணப்பம் திரும்பிவிட்டது. காரணம்: 'புதுமை இல்லை, அதே இடங்கள், அதே முறை.' முனைவர் பட்டம் பெற்றதிலிருந்து கௌரவ விரிவுரையாளர் வேலையையும் மூன்றாண்டுத் திட்டப்பணிகளையும் மாற்றி மாற்றி ஓட்டி வருகிறேன். இந்த வரியை இதற்கு முன்பும் படித்திருக்கிறேன். ஆனால் இந்த ஆண்டு கோபம் வந்தது. அதே இடத்தில் அதே முறையில் பத்து ஆண்டு நின்றிருக்காவிட்டால், ஜனவரியில் நான் எழுதிய பூஜ்யத்துக்கு என்ன பொருள்? வெள்ளத்துக்குப் பிறகு ஓடி வந்து அளப்பவரிடம் வெள்ளத்துக்கு முந்தைய ஆறு இருக்காது.

2024 மார்ச் 9, சனி. சேரன்மகாதேவி, இரவு

நாளை அமாவாசை. அதற்காகவே இந்த இரவைத் தேர்ந்தெடுத்தேன். பூச்சிகள் கல்லை விட்டு நீரோட்டத்தில் மிதந்து இடம் பெயர்வது பெரும்பாலும் இரவில்தான். பகலில் மிதந்தால், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களுக்கு இரையாகிவிடும். நிலா வெளிச்சம் இருந்தாலே மிதப்பது குறைந்துவிடும்.

ஓட்டத்தில் வலையைக் கட்டி, மணிக்கொரு முறை மாற்றினேன். மாலை ஐந்து மணி வலையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருட்டிய பிறகு எடுத்த முதல் வலையை டார்ச் வெளிச்சத்தில் தட்டில் கொட்டியதும் மூச்சு நின்றது. தட்டு முழுக்க உயிர். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் அந்தத் தண்ணீர் முழுவதும் மலையிலிருந்து குடிபெயர்ந்து வரும் கூட்டம். வெறுமையான ஒவ்வொரு கல்லுக்கும் இந்த இருட்டில் யாரோ ஒருவர் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறார்.

துணைக்கு வந்திருந்த மீன்பிடிக்கும் அண்ணாச்சி தட்டைப் பார்த்துவிட்டு, "இது ஆற்று ஈசல் குஞ்சு அல்லவா? விளக்கடியில் வந்து விழுமே" என்றார். மேஃப்ளைக்குத் தமிழில் நல்ல பெயர் இல்லையே என்று இத்தனை நாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆற்று ஈசல். இனி அப்படியே எழுதப் போகிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு கசங்கள், ஆற்றின் ஆழமான மடுக்கள், பல தூர்ந்துவிட்டன என்றார் அவர். ஆரலும் உளுவையும் கிடைக்கின்றன. தாமிரபரணிக் கெண்டையைக் கண்ணில் காணவில்லை. 1954இல் சைலஸ் விவரித்த மீன் அது. அறிவியல் பெயரிலேயே இந்த ஆற்றைச் சுமப்பது. கோடையில் தண்ணீர் தெளிந்ததும் தேடவேண்டும்.

2024 மே 12, ஞாயிறு. திருநெல்வேலி

நகரத்தைத் தாண்டி, சாக்கடை ஓடை ஒன்று ஆற்றில் கலக்கும் இடத்துக்குக் கீழே காலையிலிருந்து நின்றேன். தண்ணீர் சூடு 30 டிகிரியைத் தொட்டுவிட்டது. சூடு கூடக்கூட நீரில் ஆக்சிஜன் தங்காது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சாக்கடையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன.

போத்தலில் குமிழி புகாமல் நீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் காரம் சேர்ந்த அயோடைடும் விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும். இல்லையென்றால் வெள்ளையாக நிற்கும். இன்று திரண்டது வெளிறிய மஞ்சள். எவ்வளவு முறை பார்த்தாலும் இந்த நிறம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கல்லுக்கு அடியில் சிவப்புப் புழுக்கள் கொத்துக்கொத்தாக. கைரோனமிட் கொசுவின் புழுக்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். பூச்சிகளை வைத்து நீரின் தூய்மையை அளக்க பிரிட்டனில் உருவான மதிப்பெண் முறையில் இவற்றுக்கு 2, தூய நீரை நாடும் ஸ்டோன்ஃப்ளை பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 10. அமலைச்செடியும் கரையோரம் மறுபடி தலைகாட்டிவிட்டது.

இதை ஜனவரிக் குறிப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. வெள்ளம் எல்லா இடங்களையும் ஒரே மாதிரி துடைத்தது. பாபநாசமும் சரி, இந்த இடமும் சரி, ஜனவரியில் பூஜ்யம். அங்கே செவுள் விரித்த ஆற்று ஈசல்கள் திரும்பின. இங்கே சிவப்புப் புழு திரும்பியது. மலையிலிருந்து மிதந்து வரும் கூட்டம் இங்கும்தானே வந்திருக்கும்? வந்தவை தங்க முடியவில்லை. துடைத்த பலகையில் ஆறு மாதத்துக்குள் பழைய எழுத்தையே எழுதியிருப்பது வெள்ளமல்ல, நாம்.

பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, இன்றைய இருப்பு எவ்வளவு என்று தினமும் காலையில் செய்தித்தாளில் பார்க்கிறோம். அந்த அக்கறை நியாயமானது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் அந்தத் தண்ணீரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு வரி, மாதம் ஒருமுறையாவது, பக்கத்தில் வரக்கூடாதா?

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. பாபநாசம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. முன்னோருக்கு நீர் இறைக்கும் கைகளைப் பார்க்கையில் எனக்கும் கண் கலங்கியது. அப்பாவுக்காக நானும் இறைத்தேன். உடுத்த துணியை மட்டும் ஆற்றில் விடவேண்டாம் என்று பக்கத்தில் நின்ற ஆச்சியிடம் சொன்னேன். "சரி தாயி" என்று பையில் வைத்துக்கொண்டார்.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு. பாபநாசம்

ஓட்டம் உரசும் பெரிய கல். இரண்டு கையாலும் புரட்டினேன். அடியில், செப்புக்காசு போல ஒட்டிக்கொண்டு ஒரு வண்டின் புழு. அதற்குப் பக்கத்தில், வாலில் இரண்டு நீண்ட இழைகளோடு ஒரு ஸ்டோன்ஃப்ளை குஞ்சு. நியோபெர்லா என்ற பேரினம். ஒன்பது மாதம் காத்திருந்த ஆள். குப்பியில் போடவில்லை. இருவரும் பார்த்தோம், படம் எடுத்தோம், கல்லை அப்படியே இறக்கினோம். மாணவி தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டாள்.

தாமிரபரணிக் கெண்டை இன்னும் கண்ணில் படவில்லை.

2024 டிசம்பர் 15, ஞாயிறு

மறுபடியும் வெள்ளம். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்து நிற்கிறது. போன ஆண்டு அளவுக்கு இல்லை என்கிறார்கள். மாணவி காலையிலேயே போன் செய்தாள்: "மேடம், எப்போது இறங்கலாம்?" மூன்று வாரம் ஆகும் என்றேன்.

இரவு உட்கார்ந்து குப்பிகளுக்குச் சீட்டு வெட்டினேன். சீட்டை, பூச்சிகளைக் கெடாமல் காக்கும் சாராயத்துக்குள்ளேயே போடுவதால் மை கரைந்துவிடும், பென்சிலால்தான் எழுதவேண்டும். இடம், ஆழம், எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதிவிட்டேன். எடுத்தவர் பெயரில் முதல் முறையாக அவள் பெயரும் இருக்கிறது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.