நாலெல்லைக்குள் ஒரு வீடு

அக்காவும் அத்தானும் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு கிராமத்தில் வாங்கிய வீட்டுக்கு இலக்கம் கிடையாது. வாசலில் தொங்கும் பலகையில் எழுதியிருக்கும் பெயர்தான் அதன் முகவரி. அந்தப் பெயரைத் தமிழில் சொல்வதானால் ‘கொல்லன் பட்டறைக் குடில்’ என்று வரும். வீடு வாங்கிய முதல் வாரத்திலேயே அயலவர் ஒருவர் வந்து, இங்கே முன்பு கொல்லர் ஒருவர் இருந்தார் என்றும், உள்ளே தெரிகின்ற கறுத்த உத்தரங்களெல்லாம் உடைந்த பழைய கப்பலிலிருந்து வந்தவை என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அதை அப்படியே நம்பித் தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். நான் நில அளவையாளர் ஒருவரிடம் இருபது வருடங்களுக்கு மேல் படவரைஞனாக இருந்தவன். பழைய வரைபடம் ஒன்று கண்ணில் பட்டால் எனக்குப் பசி தெரியாது. ஊரடங்கு நாட்களில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது, திருகோணமலையில் பெருந்தெருவில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, நான் ஒருமுறையும் கண்ணால் காணாத அந்த வீட்டின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன்.

இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய வீடு தேடுகிறவர்களுக்குக் கிடைத்த பெருங்கொடை 1836-ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டம். விளைச்சலில் பத்திலொரு பங்கைத் தேவாலயத்துக்குப் பொருளாகக் கொடுத்துவந்த வழக்கத்தைப் பணமாக மாற்றுவதற்காக, தசமபாகம் இன்னும் நடைமுறையில் இருந்த ஊர்களையெல்லாம் அளந்து வரைந்தார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் இலக்கம் இட்டு, அதன் உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார், காணியின் பெயர் என்ன, பரப்பு எவ்வளவு, அதில் என்ன பயிராகிறது என்று ஒரு பட்டியலும் எழுதினார்கள். எங்கள் நாட்டு உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், உரிமையாளரின் பெயர்தான் இருக்கும். வாடகைக்கு இருந்த ஏழை எந்தப் பத்திரத்திலும் ஏறமாட்டார். அந்தத் தசமபாகப் பட்டியலிலோ குடியிருப்பவருக்கென்று ஒரு நிரல் தனியாக இருக்கிறது. அக்காவின் வீடு இருக்கும் துண்டை வளைந்த வீதியையும் குளத்தையும் வைத்து அடையாளம் கண்டபோது, உரிமையாளராக ஊரின் பெரிய நிலக்காரர் ஒருவரும், குடியிருப்பவராக அவருடைய கூலியாள் ஒருவரும் இருந்தார்கள்.

வரைபடத்தோடு ஒப்பிட்டால் குடிசன மதிப்பீட்டில் தேடுவது கொஞ்சம் கஷ்டம். வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய பெயரும் 1841-இல் இருந்து இருக்கிறது. பிறந்த ஊரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் 1851-இல் இருந்து கிடைக்கின்றன. ஆனால் கிராமத்து வீடுகளுக்கு இலக்கமும் இல்லை, பெரும்பாலும் பெயரும் இல்லை. ‘வீதி’ என்று மட்டும் எழுதிவிட்டுக் கணக்கெடுப்பாளர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். அவர் நடந்த வழியே நாமும் நடக்கவேண்டும் என்பது பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. மதுச்சாலையும் குருமனையும் இடம் மாறுவதில்லை. அவற்றை முளையாக அடித்துக்கொண்டு, மதுச்சாலைக்கு அடுத்து இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிக்கொண்டே போனால், தசமபாகப் பட்டியலில் இருந்த அதே கூலியாளின் குடும்பம் சரியான இடத்தில் வந்து நிற்கிறது. அந்தக் குடும்பம் தவறாமல் அகப்பட்டதே பக்கத்து வீட்டுக்காரர்கள் சரியாக இருந்ததால்தான். 1851-இல் அந்த வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்திருக்கின்றன. ஒரு பக்கத்தில் கூலியாள், மறுபக்கத்தில் சப்பாத்துத் தைப்பவர். கொல்லர் மூன்று வீடு தள்ளி இருந்தார்! 1921-ஆம் ஆண்டுப் பதிவுகள் 2022 ஜனவரியில் திறந்துவிடப்பட்டபோது அதையும் பார்த்தோம்; அப்போதும் பட்டறை என்ற பேச்சே இல்லை. 1931-ஆம் ஆண்டுப் பதிவுகள் 1942-இல் தீயில் எரிந்துபோயின. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுக்கவே இல்லை. அந்த இடைவெளியை ஓரளவுக்கு அடைப்பது, போர் தொடங்கியதும் அடையாள அட்டைக்காக 1939 செப்டெம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு. அதில்தான் அந்தக் குடில் முதன்முதலாகத் தன் இன்றைய பெயரோடு தலைகாட்டுகிறது. யாரோ ஒருவருக்குப் பெயர் அழகாகப் பட்டிருக்கிறது, வைத்துவிட்டார்.

கப்பல் மரக் கதையும் அப்படித்தான். உத்தரங்களில் காரணமில்லாமல் தெரியும் துளைகளையும் வெட்டுகளையும் பார்த்துத்தான் கப்பலில் இருந்து கழற்றியவை என்று ஊர் சொல்கிறது. அவை பெரும்பாலும் வேறொரு வீட்டில் இருந்து எடுத்த மரத்தின் பழைய பொருத்துகள், அல்லது அதே வீட்டில் முன்பு நின்ற இடைச்சுவரின் அடையாளங்கள். ஓக் மரத்தைப் பச்சையாக அறுத்துப் பொருத்திவிட்டார்கள். அது காயக் காய முறுகி வீடு சரிந்து நிற்கிறது. அத்தான் இன்னும் கப்பலைத்தான் நம்புகிறார்.

அக்கா ஒருநாள் கேட்டாள், “இவ்வளவு தேடுறியே தம்பி, இந்த வீட்டின்ர பழைய உறுதி எங்க போச்சு?” விடை 1925-ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வருடத்துச் சட்டம், சொத்து விற்பவர் முப்பது வருட உரித்தைக் காட்டினால் போதும் என்று வைத்தது. அதற்கு முந்திய தோல் ஏடுகளுக்கு அலுவலில் இனி வேலையில்லை என்றானதும் சட்டத்தரணிகளின் அலுமாரிகளில் கட்டுக்கட்டாக இருந்தவை குப்பைக்குப் போயின. பல ஏடுகளை விளக்குக்கு மூடியாகக்கூட வெட்டித் தைத்திருக்கிறார்கள். முந்நூறு வருடத்து எழுத்தின் ஊடாக யாருடைய வரவேற்பறையிலோ வெளிச்சம் விழுந்திருக்கிறது.

அந்த முப்பது வருடம் என்ற கணக்குத்தான் என்னைச் சொந்த வீட்டின் பக்கம் திருப்பியது. நான் குடியிருக்கும் இந்த வீடு அக்காவுடையது. எங்கள் குடும்பத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து அக்காவுக்கும் சீதனமாக வந்தது. தனக்கு அங்கே வீடு இருப்பதால் இதை என் மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிட அக்கா விரும்பினாள். சட்டத்தரணியிடம் போனேன். காணிப் பதிவகத்தில் முப்பது வருடம் தேடினால் போதும் என்றார். போதும்தான், ஆனால் சஃபோக்கில் யாரோ ஒரு சப்பாத்துத் தைப்பவரை நூற்றெழுபது வருடம் துரத்திவிட்டு, அம்மம்மாவின் தாயாரை முப்பது வருடக் கோட்டில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுக்கும் ஒரு கப்பல் கதை உண்டு. தலைவாசல் கதவு ஒல்லாந்தர் காலத்தது, கோட்டைக்குள் இருந்து வந்தது என்று பெரியம்மா சொல்வார். கதவு நல்ல முதிரை மரம். திருகோணமலைக் காட்டில் முதிரைக்கு என்ன பஞ்சம், அதற்குக் கோட்டைக்குள் ஏன் போகவேண்டும்? இன்னொரு கதைக்கு ஆதாரமே கையில் இருந்தது. கூரை மாற்றும்போது இறக்கிய ஓடு ஒன்றின் அடியில், மங்களூரில் பாசல் மிஷன் என்ற சுவிஸ்-ஜெர்மன் கிறிஸ்தவ சபை நடத்திய ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரோடு 1865 என்ற எண் அச்சாகியிருந்தது. வீடு 1865-இல் கட்டியது என்று குடும்பத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அது தொழிற்சாலை தொடங்கிய வருடம். பிறகு சுட்ட ஓட்டிலும் அதே எண்ணைத்தான் அச்சிட்டார்கள். முதலாம் உலகப் போரின்போது ஆங்கில அரசு அந்தத் தொழிற்சாலைகளைக் கையகப்படுத்தி, பின்னர் அவை வேறு பெயருக்குப் போனதால், இந்த ஓடு அதற்கு முந்தியது என்று மட்டும் சொல்லலாம். ஓடு எப்போதோ சுடப்பட்டு, எப்போதோ வாங்கி ஏற்றப்பட்டிருக்கலாம். சுவர் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். சுவரோ முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பால் ஆனது. அதில் வருடம் எழுதும் வழக்கமில்லை.

ஒன்றுமட்டும் சொல்லவேண்டும். தீராந்தி, யன்னல், விறாந்தை, குசினி, அலுமாரி என்று வீட்டுக்குள் நாம் புழங்கும் சொற்களெல்லாம் போர்த்துக்கேயருடையவை. கோணேசர் கோயிலை இடித்து 1624-இல் கோட்டை கட்டியவர்களின் சொற்கள், அவர்கள் போன பிறகும் எங்கள் கூரையைத் தாங்குகின்றன. வீட்டில் மிகப் பழையது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது எங்கள் வாய்ப்பேச்சுத்தான்.

இனி உறுதிக்கு வருகிறேன். காணி, வீடு கைமாறுவதானால் உறுதி எழுதும் அதிகாரம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும் என்ற சட்டம் 1840-ஆம் ஆண்டிலிருந்து நம்மிடம் இருக்கிறது. மூலப் பிரதி உரியவருக்கு, இன்னொன்று பதிவகத்துக்கு, மற்றொன்று நொத்தாரிசின் கோவையில் என்று போகும். எங்கள் பழைய உறுதிகள் கிடந்த தகரப் பெட்டி 1990-இல் போரினால் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. அக்காவின் உறுதி இலக்கம் நகரசபைக்குக் கட்டும் சோலைவரிச் சிட்டை ஒன்றின் பின்புறம் அம்மா குறித்துவைத்ததால் தப்பியது. அதைக் கொண்டு பிரதி எடுத்தேன். அது அம்மாவின் உறுதி இலக்கத்தைச் சொன்னது. அம்மாவின் உறுதியை எடுத்தால், அம்மம்மாவுக்கு இந்தக் காணி ‘முதுசமாகவும் நீண்டகால ஆட்சியாகவும்’ உரித்தானது என்று எழுதியிருந்தது. அந்த வரியை வாசித்ததும் என் வேலை நின்றுபோயிற்று. இடைவிடாமல் பத்து வருடம் ஆண்டால் உரித்துக் கோரலாம் என்ற ஆட்சியுரிமைச் சட்டம் 1871-இல் இருந்து இருப்பதால், பத்திரம் இல்லாத அல்லது தேடச் சோம்பல்பட்ட எல்லா நொத்தாரிசும் அந்த ஒற்றை வரியில் தப்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் யார் என்று உறுதி வாய் திறக்காது.

கோட்டைக்குள் இருக்கும் வெல்லெஸ்லியின் வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. பின்னாளில் வாட்டர்லூவில் வென்ற அந்தப் பிரபு 1800-ஆம் ஆண்டின் இறுதியில் வந்து கொஞ்சக் காலம் தங்கியதற்கே இருநூறு வருடமாகப் பெயர் நிற்கிறது. நான்கு தலைமுறை வாழ்ந்து பிள்ளை பெற்ற பெண்களுடைய வீட்டுக்கு ‘நீண்டகால ஆட்சி’ போதுமாகிவிட்டது.

சஃபோக்கில் கற்ற பாடம் அப்போதுதான் கைகொடுத்தது. நம் வீடு பேசாவிட்டால் பக்கத்து வீட்டைக் கேட்கவேண்டும். நமது உறுதிகளில் நாலெல்லை எழுதாமல் விடமாட்டார்கள்: கிழக்கு வீதி, வடக்கு இன்னாருடைய வளவு என்று அயலவரின் பெயர் நிச்சயம் இருக்கும். அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டுப் பெண்களின் பெயர் எங்கள் பெட்டியில் இல்லாவிட்டாலும் தெற்கு வளவுக்காரரின் பெட்டியில் வடக்கெல்லையாக இருக்கவேண்டும். தெற்கு வீட்டு மாமி 1990-இலும் ஊரைவிட்டுப் போகாதவர். போய்க் கேட்டேன். கடதாசியெல்லாம் பூச்சி தின்றுவிட்டது என்று முதலில் மறுத்தவர், மறுநாள் காலையில் தானே ஒரு பிளாஸ்ரிக் உறையோடு வந்து நின்றார்.

உள்ளே மாமியின் தாயாருடைய சீதன உறுதி இருந்தது. வடக்கெல்லையில் எங்கள் அம்மம்மாவின் தாயார் பெயர்! அதைவிடக் கீழே இருந்த வரிதான் என்னை உலுக்கியது: ‘வடக்கெல்லையில் உள்ள கிணற்றில் அரைப்பங்கும் அதற்குரிய வழிவாய்க்காலும்’. எங்களுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவே உள்ள மதில் கிணற்றின் மேலாகப் போவதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதை ஏதோ சிக்கனம் என்று நினைத்திருந்தேன். பங்குக் கிணறு என்றால் முன்பு ஒரே வளவு. அந்த உறுதியில் குறித்திருந்த பதிவேட்டு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் நிரம்பியதும் இன்னொரு ஏட்டுக்குக் கொண்டுசென்ற குறிப்புகளைப் பின்பற்றிப் பின்னோக்கிப் போனால், கடைசியில் ஒரு தாய் தன் வளவை இரண்டு பெண்மக்களுக்கு இரண்டாகப் பிரித்து எழுதிக்கொடுத்த பதிவு இருந்தது. காணியின் பெயர் ஒன்றே. தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் அதன்பின் எத்தனையோ தடவை மாறியிருக்கின்றன.

இந்தத் தேடலில் ஆண்களின் பெயரை மட்டும் பின்தொடர்ந்திருந்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் வழி தவறியிருப்பேன். ஒரு பெண்ணின் பெயர் ஓர் உறுதியில் தகப்பன் பெயரோடும் அடுத்ததில் புருசன் பெயரோடும் வருகிறது. அவளுடைய மகள் வேறொரு தகப்பன் பெயரோடு வருகிறாள். அக்காவின் சஃபோக் வீட்டிலோ மூன்று கணக்கெடுப்புகளுக்கு ஒரே குடும்பப் பெயர் நேராக ஓடியது.

மாமியிடம் போய், நாங்கள் ஒரு தாய் வழியில் வந்தவர்களாம் என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “அது பழைய ஆக்களுக்குத் தெரியும் தம்பி. குண்டு போட்ட வருசம் எல்லாரும் ஊரைவிட்டு ஓடினவை. திரும்பி வந்து கிணத்தடியில சண்டை பிடிச்சுக் கதைக்காம விட்டவை. அதோட மதில் வந்தது,” என்றார். ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9. எந்த உறுதியிலும் இல்லாத மதிலுக்கு ஏறத்தாழ ஒரு வயது கிடைத்துவிட்டது.

கடந்த மாதம் மகளுக்கான உறுதி எழுதினோம். நொத்தாரிசு தெற்கெல்லைக்கு மாமியின் பெயரைப் போட்டார். கிணற்றுப் பங்கு வந்த இடத்தில் பேனையை நிறுத்தி, குழாய்த் தண்ணீர் வந்த பிறகு இது எதற்கு, யார் இப்போது அள்ளுகிறார்கள் என்று கேட்டார். தொலைபேசியின் மறுமுனையில் இருந்த அக்கா, நான் வாய் திறப்பதற்குள், “விடாமல் எழுதச் சொல்லு,” என்றாள். அரைப்பங்கு என்றே எழுதினார்.