இடுப்பில் எத்தனை, காலில் எத்தனை?

11 ஆண்டுகள் இடுப்புவலியோடு வகுப்பில் நின்று பாடம் நடத்தியவள் நான். தைலம், இடுப்பு பெல்ட், பிசியோதெரபியில் கரண்ட் வைப்பது என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தும் அறுவைச் சிகிச்சையை மட்டும் தள்ளிப்போட்டே வந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வலி இடப்பக்கப் பிட்டத்திலிருந்து பின்தொடை வழியாகக் கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் இறங்கிப் பெருவிரல் வரை இழுக்கத் தொடங்கியது. சில வாரங்களில் இடதுகால் செருப்பு மட்டும் நடக்கும்போது தானாகக் கழன்று விழுந்தது. அதன் பிறகுதான் முதுகெலும்பு அறுவை மருத்துவரைத் தேடினோம்.

முதலில் பார்த்தவர் பெயர்பெற்றவர். எம்.ஆர்.ஐ. படத்தை விளக்குப் பெட்டியில் செருகிப் பார்த்துவிட்டு, இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையில் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது, அதற்குக் கீழேயுள்ள ஜவ்வும் தேய்ந்திருக்கிறது, இரண்டு இடத்திலும் ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைத்துவிடலாம், வியாழக்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார். என்னைப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. காலைத் தொடவும் இல்லை. கீழே பில் கட்டும் இடத்தில் என் கணவர் முன்பணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, நான் அவர் கையிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டு, இன்னொருவரையும் பார்த்துவிடலாம் என்றேன்.

இரண்டாம் மருத்துவர் படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "டீச்சர், மொத்த வலியும் நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால் இடுப்பில் எத்தனை, காலில் எத்தனை?" என்று முதலில் கேட்டார். நான் யோசித்து, காலில் எழுபது, இடுப்பில் முப்பது என்றேன். பிறகு குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் இடதுகாலை மெல்ல உயர்த்தி, எந்த உயரத்தில் வலி இழுக்கிறது என்று பார்த்தார். இரண்டு கால்களின் பெருவிரல்களையும் தம் கட்டைவிரல்களால் ஒரே நேரத்தில் கீழே அழுத்தி, எதிர்த்து மேலே தூக்கச் சொன்னார். வலது பெருவிரல் நின்றது. இடது பெருவிரல் சாய்ந்துவிட்டது. அதை என் கண்ணால் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. இதெல்லாம் முடிந்த பிறகே படத்தை எடுத்து, விரலைத் தூக்கும் நரம்பும் படத்தில் நசுங்கியிருக்கும் நரம்பும் ஒன்றே என்று காட்டினார்.

அந்த முதல் கேள்வியின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பிதுங்கிய ஜவ்வை அகற்றும் அறுவைச் சிகிச்சை, நரம்பு நசுங்குவதால் வரும் கால்வலியைத் தீர்ப்பதில் நல்ல பலன் தருவது. நாள்பட்ட இடுப்புவலியைத் தீர்க்கும் என்று அந்த அளவுக்கு உறுதி சொல்ல முடியாது. படத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே எல்லா ஜவ்வுகளும் இயல்பாக இருந்தன. தேய்மானம் நரை போல வயதோடு வருவது. அதைக் கண்ட இடமெல்லாம் ஸ்க்ரூ வைக்கத் தேவையில்லை. எனக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பு எதுவும் நழுவவில்லை என்று தெரிந்ததால், இணைப்பு வேண்டாம், ஜவ்வின் பிதுங்கிய பகுதியை மட்டும் எடுத்தால் போதும் என்றார் இரண்டாமவர்.

நரம்பியல் அறுவை மருத்துவரா, எலும்பியல் அறுவை மருத்துவரா என்று பலரும் கேட்கிறார்கள். இருவருமே முதுகெலும்பு அறுவையைச் செய்கிறார்கள். பெயருக்குப் பின்னால் வரும் எம்.சிஎச்., எம்.எஸ். என்ற பட்டங்களின் எழுத்துகளைவிட, அவருடைய அன்றாட வேலையில் முதுகெலும்பின் பங்கு எவ்வளவு என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆகவே நேராகவே கேட்டேன்: இதே அறுவையை மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், கத்தியை நீங்கள் பிடிப்பீர்களா உதவியாளரா, நரம்பின் உறை கிழிந்தால் என்ன செய்வீர்கள், ஜவ்வு மறுபடி பிதுங்க வாய்ப்பு உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? அவர் முகம் சுளிக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு, வலி மட்டும் என்றால் பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே தணியும், ஆனால் உங்களுக்குப் பலம் குறைந்துகொண்டு வருகிறது, அதனால்தான் செய்யச் சொல்கிறேன் என்றார். "இடுப்பில் இருக்கும் முப்பதுக்கு நான் பொறுப்பேற்க முடியாது" என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் என் முதுகை ஒப்படைத்தேன்.

கண் விழித்த அன்றே கால் இழுப்பு இல்லை. பெருவிரல் பலம் திரும்ப ஏறக்குறைய ஐந்து மாதம் ஆயிற்று. இடுப்புவலி அவர் சொன்னபடி இன்னும் இருக்கிறது. அதற்கு உடற்பயிற்சி செய்துவருகிறேன்.

இப்படி ஆற அமரத் தேர்ந்தெடுப்பதற்கு நேரம் இல்லாத நிலையும் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, சிறுநீரோ மலமோ தம்மையறியாமல் வெளியேறினாலோ, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் திடீரென்று வலுவிழந்தாலோ, இரண்டாம் கருத்துக்காக அலையாமல் அன்றைக்கே, இரவானாலும், முதுகெலும்பு அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.