தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்?

வேலையில் சேர்ந்த முதல் வருடம். ஐப்பசி அடைமழை. டெல்டாவில் இருக்கும் எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் பின்புறம் ஒரு சிமென்ட் தொட்டி உண்டு, இடுப்பளவு ஆழம். அடியில் மண் பரப்பி, வரிசை வரிசையாக நெல் விதைத்து, நாற்றுக்கு மூன்று வாரம் ஆனதும் தண்ணீர் விட்டு முழுக மூழ்கடிப்போம். 14 நாள் அப்படியே கிடக்கும். பிறகு வடித்துவிட்டு, எது பிழைக்கிறது என்று பார்ப்போம். மழைக்காலத்தில் கடைமடை வயல்களுக்கு நடப்பதைத் தொட்டிக்குள் நடத்திப் பார்க்கிற சோதனை.

அன்று காலை வடிகுழாயைத் திறந்தது நான்தான். தண்ணீர் இறங்க இறங்க இரண்டு விதமான நாற்றுகள் தெரிந்தன. ஒரு வரிசை முழங்காலைத் தாண்டி உயரமாக ஓடியிருந்தது. பக்கத்து வரிசையோ தண்ணீர் விட்ட அன்று எவ்வளவு இருந்ததோ ஏறக்குறைய அதே உயரம், இலையில் சேறு படிந்து முடங்கிக் கிடந்தது. உயரமான வரிசை போராடி மேலே வந்திருக்கிறது, குட்டை வரிசை தோற்றுவிட்டது என்று நினைத்து நோட்டில் அப்படியே எழுதப் போனேன்.

மேஸ்திரி அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பது வருடம் அந்தப் பண்ணையில் வேலை பார்த்தவர். "பாப்பா, அதுக்குள்ள எழுதிப்புடாதே. ரெண்டு வாரம் போவட்டும்" என்றார்.

மதியத்துக்குள்ளேயே உயரமான வரிசை சரிந்துவிட்டது. தாங்கி நிறுத்தத் தண்ணீர் இல்லாததால், அலசிப் போட்ட துணி மாதிரி மண்ணில் ஒட்டிக் கிடந்தது. இலையெல்லாம் வெளிறிய மஞ்சள். நான்கு நாளில் அழுகிய வாடை வந்தது. குட்டை வரிசையில் ஒரு வாரம் கழித்து நடுவில் பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தது. இரண்டு வாரத்தில் அந்த வரிசை பயிராக நின்றது.

அந்த வரிசையில் இருந்ததும் பக்கத்து வரிசையில் இல்லாததும் ஒரே ஒரு மரபணு. சப்1ஏ என்று பெயர், ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. பதினோரு வருடமாக என் வேலையில் பெரும்பகுதி அதன் பின்னால்தான் போயிருக்கிறது.

மூழ்கிய பயிருக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் புரிந்துகொண்ட விதம் இது. எல்லாச் செடியும் எத்திலீன் என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வாழைத்தாரைப் பழுக்க வைக்கிறதே, அதே வாயுதான். காற்றில் அது சட்டென்று கலைந்துவிடும். தண்ணீருக்குள் வாயு பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. அதனால் செடிக்குள்ளேயே எத்திலீன் தேங்குகிறது. "நீ மூழ்கிவிட்டாய்" என்று நெல்லுக்குத் தெரிவது இப்படித்தான். உடனே ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வேலையைத் தொடங்கும். தண்டும் இலையும் காற்றைத் தேடி நீளும். சேமித்து வைத்த மாவுச்சத்து எல்லாம் அதில் கரையும். கலங்கல் தண்ணீருக்குள் வெயிலும் இல்லை, புதிதாகச் சமைக்கவும் வழியில்லை. வெள்ளம் வடிகிற நேரத்தில் கையிருப்பு காலி.

சப்1ஏ உள்ள செடியிலும் எத்திலீன் தேங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் செய்தி வந்ததும் இந்த மரபணு விழித்துக்கொண்டு, ஜிப்ரலினுக்குத் தடைபோடும் எஸ்எல்ஆர்1 என்ற புரதத்தைக் குவிய வைக்கிறது. செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இருப்பைச் செலவழிக்காமல் காத்திருக்கிறது. மண்ணில் முடங்கிக் கிடந்ததை நான் தோல்வி என்று எழுதப் போனேனே, அந்த முடக்கம்தான் அதன் பிழைப்பு.

எங்கள் ஆய்வக வேலையை வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பாகத் தெரியும். விடிகாலையில் வயலுக்குப் போய், செடிக்கு ஒரு நம்பர் அட்டை கட்டி, குருத்திலையில் விரல் நீளம் கிள்ளி, ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவோம். அரைத்து, குளோரோபார்ம் விட்டுக் குலுக்கி, சுழலவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்து ஆல்கஹால் விட்டு மறுபடி சுழலவிட்டால் குழாயின் அடியில் வெள்ளையாக நூல் பிசிறு மாதிரி டிஎன்ஏ வந்து நிற்கும். கையில் அந்தக் கரைசல்களின் நாற்றம் சாயங்காலம் வரை போகாது. பிசிஆர் போட்டு வேண்டிய டிஎன்ஏ துண்டை மட்டும் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் கோடுகள் ஒளிரும். ஒரு கோடு என்றால் அந்தச் செடியின் இரண்டு பிரதியும் ஒரே மாதிரி. இரண்டு கோடு என்றால் அப்பன் வழி ஒன்று, ஆத்தாள் வழி ஒன்று. இருநூறு செடியில் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, நம் ஊர் சம்பா ரகத்தோடு மறுபடி கலப்போம். ஒவ்வொரு கலப்புக்கும், மரபணுவைத் தந்த கொடையாளி நெல்லின் பங்கு பாதியாகக் குறையும்: 50, 25, 12.5, 6.25 சதவீதம். மரபணு மட்டும் உள்ளே வரவேண்டும், கூட வருகிற மற்றதெல்லாம் வெளியே போகவேண்டும். ஒரு ரகத்தை இப்படிச் சலித்து எடுக்க ஐந்தாறு போகம் ஆகிவிடும்.

சப்1ஏ எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஒடிசா விவசாயிகள் வெள்ளக்காட்டில் வைத்துக்கொண்டிருந்த தாலபுட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகத்தில் அது இருந்தது. இருக்கிறது என்று தெரிந்து பல பத்தாண்டுகள் கலப்பு செய்து பார்த்தும், வெள்ளத்தைத் தாங்கினால் விளைச்சல் வராது, விளைச்சல் வந்தால் வெள்ளத்தைத் தாங்காது என்றே போனது. 1996இல் குரோமோசோமில் இடம் தெரிந்தது. 2006இல் மரபணுவே கைக்கு வந்தது. அதை ஆந்திராவின் சுவர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்து, சுவர்ணா-சப்1 என்று 2009இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். விஞ்ஞானத்தின் வெற்றி என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் போதாது. யாரென்றே தெரியாத குடும்பங்கள் விளைச்சல் குறைந்த அந்த நெல்லை வருடா வருடம் விதைக்குக் கட்டிவைத்திருக்காவிட்டால், ஜெல்லில் தேடுவதற்கு எங்களுக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

இந்த மரபணு வந்த வழியும் கவனிக்க வேண்டியது. எல்லா நெல்லிலும் அதே இடத்தில் சப்1பி, சப்1சி என்று இரண்டு மரபணுக்கள் இருக்கும். எப்போதோ சப்1பி இன்னொரு பிரதியாகப் பெருகியது. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றதற்கு மாறிக்கொள்ளச் சுதந்திரம் கிடைத்தது. அதுதான் சப்1ஏ ஆனது. ஜப்பானிய நெல்லில் அது கிடையவே கிடையாது. நம் இண்டிகா நெல்களில் சிலவற்றில் இல்லை, பலவற்றில் இருந்தும் வேலை செய்யாத வடிவம். இரண்டு வடிவங்களையும் பிரிக்கிற வேறுபாடுகளில் ஒன்று, புரதத்தின் 186ஆவது இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் செரீனா, புரோலினா என்பது. மூழ்கும்போது எவ்வளவு வேகமாக விழித்துக்கொள்கிறது என்பதிலும் வித்தியாசம் உண்டு. நெல்லின் மொத்த டிஎன்ஏ ஏறக்குறைய 39 கோடி எழுத்து. அத்தனைக்குள் இவ்வளவு சிறிய மாற்றம்.

ஒரு வருடம் போல நான் சப்1ஏயை 'நல்ல மரபணு' என்று மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். ஆழ்நீர் நெல்லைப் பற்றிப் படித்தபோது அந்தப் பெயர் ஆட்டம் கண்டது. வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் சில சமவெளிகளில் மாதக்கணக்கில் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும். அங்கே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தால் சாவுதான். அந்த ஊர் நெல் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும்; பல மீட்டர் உயரம் போய் இலையைத் தண்ணீருக்கு மேல் விரிக்கும். 2009இல் ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகக் குழு அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்துபவர் மூச்சுவிட வாயில் வைக்கும் குழாயின் நினைவாக ஸ்னோர்க்கல்1, ஸ்னோர்க்கல்2 என்று பெயரிட்டது. அவை சப்1ஏயின் சொந்தக்காரர்கள். ஒரே வகைக் குடும்பம். அவற்றையும் எழுப்புவது எத்திலீன்தான். ஒரே செய்தியைக் கேட்டு ஒருவன் 'நில்' என்கிறான், பங்காளி 'ஓடு' என்கிறான்.

பசுமைப் புரட்சியின் குட்டை நெல்லும் இந்தக் கதைக்குள் வந்துவிடுகிறது. ஐஆர் 8 குட்டையானதற்குக் காரணம், ஜிப்ரலின் தயாரிக்கும் எஸ்டி1 என்ற மரபணுவில் 383 எழுத்துகள் விழுந்துபோனது. உடைந்த மரபணு. உடைந்ததால்தான் உரம் போட்டும் பயிர் சாயாமல் நின்று, 1966க்குப் பிறகு ஆசியாவின் சோற்றுப்பானையை நிரப்பியது. அதே எஸ்டி1, உடையாமல், எத்திலீன் கேட்டவுடன் இன்னும் பலமாக வேலை செய்யும் வடிவத்தில் வங்கதேசத்து ஆழ்நீர் நெல்லில் இருக்கிறது என்று 2018இல் தெரிந்தது. ஓர் ஊரில் ஊனமானது வரம். இன்னோர் ஊரில் ஓங்கினது வரம்.

நெல்லை விட்டு வெளியே போனாலும் இதே ஹார்மோன்தான் குறுக்கே வருகிறது. பள்ளிப் பாடத்தில் மெண்டலின் நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி படித்தோமே, அந்தக் குட்டைக்கும் காரணம் ஜிப்ரலின் தயாரிப்பின் கடைசிப் படியில் ஓர் எழுத்துப் பிழை. 1997இல்தான் அது தெரிந்தது, மெண்டல் எழுதி 131 வருடம் கழித்து. குட்டைக் கோதுமையில் பிழை வேறு இடத்தில்: அங்கே ஜிப்ரலின் தயாராகிறது, ஆனால் தடைபோடும் புரதம் அழியாமல் நின்றுவிடுகிறது. அந்தப் புரதம் நெல்லின் எஸ்எல்ஆர்1க்கு நேர் உறவு, நம் சப்1ஏ குவிக்கிறதே அதே தடுப்பான். இந்த ஹார்மோன் முதலில் பிடிபட்டதோ செடியில் அல்ல, பூஞ்சையில். நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்து செத்துப்போகிற பக்கானே நோயை ஆராய்ந்த குரோசாவா என்ற ஜப்பானியர் 1926இல், பூஞ்சை கக்குகிற ஏதோ ஒன்றுதான் நாற்றை நீள வைக்கிறது என்று காட்டினார். அந்தப் பூஞ்சை ஜிப்ரலின் செய்யும் மரபணுக்களைச் செடியிடமிருந்து கடன் வாங்கவில்லை. தனி வழியில், தனியாக உருவாக்கிக்கொண்டது. எங்கள் தொட்டியில் சரிந்த அந்த வெளிறிய வரிசையின் படத்தைப் பக்கானே நாற்றின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உறவே இல்லாத இரண்டு வழியில் வந்து, ஒரே மாதிரி செத்திருந்தன.

இதையெல்லாம் அறிந்தும் நான் ஒரு தவறு செய்தேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் சப்1 வரிசைகளை விவசாயிகள் வயலில் சோதனைக்குக் கொடுத்தோம். கடற்கரைக்குப் பக்கத்தில், கடைமடையில், ஒரு பெரியவர் அரை ஏக்கரில் நட்டார். கார்த்திகையில் மழை கொட்டியது. எல்லா வயலும் மூழ்கியது. பத்துப் பன்னிரண்டு நாளில் தண்ணீர் வடிந்த இடங்களில் பயிர் எழுந்து தூர் கட்டியது. போனில் அழைத்து மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். அவரிடமிருந்து மட்டும் போன் வரவில்லை. நேரில் போனேன்.

வடிகால் தூர்ந்துபோய், ஆகாயத்தாமரை அடைத்து, தண்ணீர் போக வழியில்லாமல் 23 நாள் நின்றிருந்தது. கரையிலிருந்து பார்த்தால் வயல் வெறும் சேறு. அவர் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். வேர் கறுத்து, தண்டு விரலுக்குள் கூழாக நழுவியது. ஆய்வகத்தில் அந்தச் செடியின் கோட்டை நானே பார்த்தவள். சந்தேகமில்லாமல் ஒரே கோடு, சரியான இடத்தில்.

"வெள்ளம் தாங்கும்னு சொன்னியேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும்யா. உங்க வயல்ல அதுக்கு மேல நின்னுடுச்சு."

"எங்க வயல்ல எப்பவும் அப்படித்தான நிக்கும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம்தான். அந்த மரபணு தனக்குத் தெரிந்த வேலையை முழுதாகச் செய்திருந்தது. கையிருப்பை இறுக்கிப் பிடித்து, 14 நாளோ 16 நாளோ காத்திருந்து, தீர்ந்தபின் செத்தது. அவர் வயலுக்கு வேண்டியிருந்தது வேறு நெல், இல்லையென்றால் தூர் எடுத்த வடிகால். அதைக் கேட்காமல் விதை கொடுத்தவள் நான். மேஸ்திரி அண்ணனிடம் சொன்னபோது, அவர் அப்பா காலத்தில் பள்ளக்கால் வயலுக்கு மடுமுழுங்கி, உப்பு ஏறின இடத்துக்குக் குழியடிச்சான் என்று வயலைப் பார்த்து நெல்லை எடுப்பார்கள் என்றார். "வயல கேட்டுட்டுத்தான் வெத" என்பது அவர் வழக்கு.

எங்கள் பதிவேட்டில் அதுவரை ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே சப்1ஏ உண்டு, இல்லை என்று ஒரு கட்டம்தான் இருக்கும். அடுத்த பருவத்தில் விதை கொடுக்கும் படிவத்தில் இன்னொரு கட்டம் போட்டேன்: உங்கள் வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? மேலிடத்தில், விவசாயிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நானே ஊர் ஊராகப் போய் எழுதி வாங்கினேன். கரை மேட்டில் உட்கார்ந்து கேட்டால் போதும், வருடவாரியாகச் சொன்னார்கள். "மூணு நாள்." "வாரத்துக்கு மேல நிக்காது, ஆத்துல தண்ணி கம்மியா இருந்தா." அந்தப் பெரியவர் வீட்டுக்கும் போனேன். கட்டத்தில் எண்ணைப் போடாமல் இரண்டு வரி சொல்லி எழுதச் சொன்னார்: "வடிகால் வெட்டினா பத்து நாள். வெட்டலேன்னா தை வரைக்கும்."