ஆடிக்காற்றில் மூன்று தட்டுகள்

ஜூலை 6, சனி

பெட்டியை இன்றுதான் பிரித்தேன். குளிருக்கு வாங்கிய துணிகளுக்கு நடுவில் மூன்று டிஸ்க் கோல்ஃப் தட்டுகளும் நசுங்காமல் இருந்தன. கையால் எறிந்து, பறக்கவிட்டு, கூடையில் விழவைக்கும் ஆட்டத்தின் தட்டுகள். தொலைதூரம் பறக்கும் தட்டுகளை எல்லாம் பின்லாந்திலேயே விட்டுவிட்டேன். பணகுடியில் நூறு மீட்டர் எறிய இடத்துக்குக் குறைவில்லை. எனக்குத்தான் இப்போது அவ்வளவு தூரம் எதையும் எறிய மனம் இல்லை. கூடைக்குப் பக்கத்தில் நின்று போடும் பட்டர்கள் மட்டும் போதும் என்று அன்றைக்கு எடுத்து வைத்தேன். அவியார், ஜட்ஜ், பெர்க்.

கூடைக்கு மதினி பழைய ஓலைக் கடவப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார். களத்து வேப்பமரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கட்டினேன். நான் மருமகனிடம் பட்டர், பட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, கட்டிலில் படுத்தபடியே அம்மா கேட்டாள்: "எந்தக் கோயில் பட்டர்?"

நான்கு நாட்களுக்குப் பிறகு இன்றுதான் அவளாகப் பேசியிருக்கிறாள்.

ஜூலை 8, திங்கள்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. அம்மாவுக்குத் தையல் பிரித்தார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும்.

ஜூலை 9, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. மூன்று தட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு தார்சாவில் உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு எண்கள் உண்டு. வேகம், மிதப்பு, கிளம்பியதும் வலப்பக்கம் திரும்பும் குணம், கடைசியில் இடப்பக்கம் சாயும் குணம். வலது கையால் புறங்கை வீச்சாக எறிபவர்களுக்கு இந்தக் கணக்கு. அவியார் 2, 3, 0, 1. ஜட்ஜ் 2, 4, 0, 1. பெர்க் 1, 1, 0, 2. மூன்றும் ஏறக்குறைய ஒரே அகலம், 21 சென்டிமீட்டர். எடையும் அப்படித்தான். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிராம்தான் வித்தியாசம். ஆனால் கையை விட்டுக் கிளம்பியதும் மூன்றும் மூன்று பிறவிகள்.

அவியாரைத்தான் முதலில் வாங்கினேன். 1980களில் வந்த வடிவம், இன்னமும் உலகம் முழுவதும் எறிகிறார்கள். என்னுடையது மலிவான பிளாஸ்டிக். விளிம்பெல்லாம் கீறல் விழுந்து சொரசொரப்பாகிவிட்டது, அதனாலேயே விரலுக்குப் பிடிமானம் அதிகம். ஜட்ஜின் விளிம்புக்கு அடியில் சின்ன வரம்பு ஒன்று ஓடுகிறது. அதில் விரல் நின்றால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பின்லாந்தில், தம்பெரேயில் இரண்டு ஆண்டுகள் அதை வைத்துத்தான் ஆடினேன். பைன் மரங்களுக்கு நடுவில் காற்றே இருக்காது. மெல்ல விட்டால் போதும், மிதந்து போய்க் கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலியில் சாயும். பெர்க் ஸ்வீடனில் செய்தது. மிதக்கவே மிதக்காது. விட்ட வேகம் தீர்ந்ததும் கல் மாதிரி இறங்கிவிடும்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ஒன்றைத் தேர்ந்தெடு, அதே வடிவத்தில் இரண்டு மூன்று வாங்கு, மற்றதைத் தொடாதே. கை ஒன்றைத்தான் பழகும். நான்கு ஆண்டுகளாக எனக்கு இது தெரியும். நான்கு ஆண்டுகளாக மூன்றையும் மாற்றி மாற்றித்தான் எறிகிறேன். ஒரு நாள் தவறினால் தட்டு சரியில்லை என்று அடுத்ததை எடுத்துவிடுகிறேன்.

இந்தத் தடவை தீர்மானித்தாக வேண்டும். ஏன் இந்தத் தடவை என்று எழுதத் தெரியவில்லை.

ஜூலை 10, புதன்

இன்றும் தூக்கம் வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

கடவப்பெட்டி கிழிந்துவிட்டது. தட்டு ஓலையில் பட்டுத் திரும்பி வரும்போது விழுந்ததா தவறியதா என்றே தெரிவதில்லை. சங்கிலி வேண்டும். பறக்கிற தட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு அதைக் கீழே இருக்கும் கூடையில் போடுவதற்குச் சங்கிலியைவிட நல்ல பொருளை யாரும் கண்டுபிடிக்கவில்லை. முதலில் எல்லாம் மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்துத்தான் எறிந்தார்கள், பட்டதா படவில்லையா என்று சண்டை வரும். 1970களில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் கம்பத்தில் சங்கிலியைத் தொங்கவிட்டுக் கூடையும் வைத்த பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

வள்ளியூரில் வெல்டிங் பட்டறைக்குப் போய்ப் படம் வரைந்து காட்டினேன். கூடையின் விளிம்பு தரையிலிருந்து 82 சென்டிமீட்டர். மேலே ஒரு வளையம், அதிலிருந்து இரண்டு அடுக்காகச் சங்கிலி. பட்டறைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு சைக்கிள் ரிம்மை எடுத்து வைத்துக்கொண்டு, "சங்கிலி நீங்க கொண்டு வாங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "மச்சில் ஊஞ்சல் சங்கிலி கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ" என்றாள். அப்பா போன பிறகு கழற்றிக் கட்டி வைத்தது. வேண்டாம் என்றேன். "அங்கே கிடந்து துருப்பிடிக்கவா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 13, சனி

ஊஞ்சல் சங்கிலி கனம். நாலாகத் தொங்கியதை அறுத்துப் பன்னிரண்டாக்கியும் இடைவெளி விழுந்தது, தட்டு ஊடே புகுந்து அந்தப் பக்கம் போனது. சந்தையில் மெல்லிய மாட்டுச் சங்கிலி வாங்கி உள்ளடுக்காகக் கட்டினோம். இப்போது நிற்கிறது.

ஐந்து மீட்டரில் பெர்க் 20க்கு 17. ஜட்ஜ் 20க்கு 18. அவியார் 20க்கு 18.

எறிந்து முடித்து உள்ளே போனபோது அம்மா சொன்னாள்: "கடைசிக்கு முந்தினது வெளியே போய்விட்டது, இல்லையா?" சரிதான், வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. படுக்கையில் கிடந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜூலை 16, செவ்வாய்

மோட்டார் அறையின் தகரக் கூரை மேல் அவியாரை மறந்து வைத்துவிட்டேன். மதியம் மூன்று மணிக்கு எடுத்தபோது அப்பளம் பொரித்தது மாதிரி வளைந்திருந்தது. அழுகை வந்துவிட்டது. வெந்நீரில் போட்டு, இளகியதும் சமமான தரையில் வைத்து அழுத்தினால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வரும். அடுக்களையில் குண்டான் நிறையத் தண்ணீர் காய்ச்சினேன். மதினி எதுவும் கேட்காமல் அம்மிக்கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிடும் என்றுதான் அங்கே கவலைப்படுவோம். கோட்டுப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு எறிவோம்.

ஜூலை 17, புதன். ஆடி 1

காற்று நேற்று வரை காற்றாக இருந்தது. இன்று வேறு.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நுழைந்து முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி என்று வாரிக்கொண்டு போகிறது. ஆனியிலிருந்தே அடிக்கிறது, ஆனால் ஆடி பிறந்ததும் ஒரு முரட்டுத்தனம் வந்துவிடுகிறது. களத்தில் நின்று பார்த்தால் காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் திருப்பி நிற்கின்றன. எந்தத் திசையில் வருகிறது என்று பார்க்க எனக்கு வேறு கருவி வேண்டாம்.

முதலில் மேற்கே பார்த்து எறிந்தேன். எதிர்க்காற்றில் தட்டின் மூக்கு ஒரு நூல் தூக்கினால் போதும், அடியில் காற்று புகுந்து எழுப்பிவிடும். ஜட்ஜ் கூடையின் தலைக்கு மேல் ஏறி, அங்கேயே ஒரு நொடி நின்று, அப்புறம் பக்கவாட்டில் சரிந்து உடைமரத்துக்குள் விழுந்தது. மருமகன் புகுந்து எடுத்து வந்தான், முழங்கை முழுக்க முள் கீறல். கிழக்கே பார்த்து எறிந்தால் நேர் எதிர். பின்னாலிருந்து வரும் காற்று தட்டைத் தரைக்கு அழுத்துகிறது, கூடைக்கு ஓரடி முன்னால் விழுகிறது. வடக்கே பார்த்தால் இன்னும் கஷ்டம். இடக்கைப் பக்கத்துக் காற்று. நான் வழக்கமாக இடது விளிம்பைத் தாழ்த்தித்தான் விடுவேன், அப்போது காற்று தட்டின் முதுகில் அடித்து அமுக்கிவிடுகிறது. மட்டமாக விட்டேன். அதில்தான் கொஞ்சம் பிழைத்தது.

எந்த மிதப்புக்காக ஜட்ஜை இரண்டு ஆண்டுகள் கொண்டாடினேனோ அந்த மிதப்பே இங்கே எதிரி. காற்று ஏமாற்றுவதற்கு அது இடம் கொடுக்கிறது.

இதையெல்லாம் சாயங்காலம் அம்மாவிடம் புலம்பினேன். கேட்டுக்கொண்டே கஞ்சி குடித்தாள். பாதிக் கிண்ணம் குடித்தாள். பிறகு சொன்னாள்:

"பொலி தூற்றும்போது காற்று பலமாக வந்தால் சுளகைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். உயரத்திலிருந்து கொட்டினால் பதரோடு நெல்லும் போய்விடும். நீ கையை எங்கே வைத்திருக்கிறாய்?"

நெஞ்சுக்கு நேராக வைத்திருக்கிறேன். அதிலிருந்து மேலே தூக்கி விடுகிறேன். காற்றில்லாத காட்டில் பழகிய கை.

ஜூலை 18, வியாழன்

கையைத் தாழ்த்தினேன். தொப்புளுக்கு நேராகக் கொண்டுவந்து, உயரே தூக்காமல், கூடையை நோக்கி நேராக நீட்டி, மணிக்கட்டை வெட்டிச் சுழற்றி விட்டேன். சுழற்சி கூடினால் தட்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. மெல்லத் தள்ளிவிட்ட தட்டை ஆடிக்காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஏழு மீட்டர், பெர்க். 20க்கு 14.

ஜூலை 19, வெள்ளி

பத்து நாள் முடிந்து போன் செய்தால், மறுபடியும் வேறு முறையில் பரிசோதிக்க வேண்டுமாம், இன்னும் இரண்டு வாரமாம். ஏன் என்று கேட்டேன். "டாக்டரிடம் கேளுங்கள்" என்றார்கள். டாக்டரிடம் கேட்டால், "ரிப்போர்ட் வரட்டும்" என்கிறார். ஒரு வரி, ஒரே ஒரு வரி சொல்லக்கூடாதா? சந்தேகம் என்றால் சந்தேகம் என்று சொல்லலாமே. நாங்கள் என்ன குழந்தைகளா?

களத்துக்குப் போய் 100 எறிந்தேன். 31. எந்தத் தட்டால் என்று எழுத விருப்பம் இல்லை. எல்லாவற்றாலும்தான்.

ஜூலை 20, சனி

தோள் வலி. எறியவில்லை.

ஜூலை 22, திங்கள்

இரவு ஒரு மணி. காற்றில் சங்கிலி தானாக ஆடுகிறது. யாரோ இருட்டில் ஓயாமல் எறிந்துகொண்டிருப்பது போல. எழுந்து போய்ச் சங்கிலியைத் துண்டால் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன்.

ஹெட்ரிக் 2002இல் இறந்தார். தன் சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார், அப்படியே செய்தார்கள். தம்பெரேயில் ஒருவர் இதைச் சொன்னபோது நல்ல முடிவு என்று நினைத்தேன். இன்றைக்கு இது ஏன் நினைவுக்கு வந்தது? அப்பாவைத் தாமிரபரணியில் கரைத்தோம். குறுக்குத்துறையில். அண்ணன்தான் இறங்கினான். நான் படியில் நின்றேன்.

நினைக்கக்கூடாது.

ஜூலை 23, செவ்வாய்

துண்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டாள் அம்மா. சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம்.

ஜூலை 25, வியாழன்

ஜட்ஜையும் அவியாரையும் மதினியிடம் கொடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். சாவியைக் கேட்டாலும் தர வேண்டாம் என்றேன். "எதுவரைக்கும்?" என்று கேட்டார். ஆடி முடியும் வரை என்று சொன்னேன்.

ஒரே தட்டு. தவறினால் அதே தட்டை எடுத்து வந்து அதே இடத்தில் நிற்க வேண்டும். முதல் அரைமணி நேரம் கை பரபரத்தது. பிறகு, தவறுவது தட்டால் அல்ல என்பது தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. கடைசியில் விடும் ஆள்காட்டி விரல் சில நேரம் முந்துகிறது, சில நேரம் பிந்துகிறது. முந்தினால் இடது, பிந்தினால் வலது. மூன்று தட்டுகள் கையில் இருந்த வரை இது கண்ணில் படவே இல்லை.

பெர்க் சீக்கிரம் இறங்கிவிடுவதால் சங்கிலியின் நடுவைப் பார்க்கக்கூடாது. மேல் வளையத்துக்குக் கீழே ஒரு கண்ணியைப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த கண்ணி ஒன்று இருக்கிறது. அதையே பார்க்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

அம்மா களத்துக்கு வந்தாள்! மருமகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சேலைத் தலைப்பு காற்றில் பறக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, பெர்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரிவாள்மணை வாங்கும்போது பார்ப்பாளே, அப்படி. விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். "இது எடுப்பாக இருக்கிறது. மற்றதை எதற்கு வாங்கினாய்?" என்றாள்.

உட்கார்ந்தபடியே ஒன்று எறிந்தாள். இரண்டு மீட்டர்கூட இல்லை. கூடையின் வெளிப்பக்கத்தில் பட்டு விழுந்தது. மறுபடியும் கேட்டாள். தையல் போட்ட பக்கம் இழுக்குமே என்று நான் தரவில்லை. மருமகன் என்னை ஏமாற்றிவிட்டு எடுத்துக் கொடுத்துவிட்டான். அதுவும் விழவில்லை.

மூன்றாவது சங்கிலியில் விழுந்தது.

உதட்டை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

லீவை 31ஆம் தேதி வரை நீட்டித்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது. பரவாயில்லை.

10 மீட்டர், பெர்க், இடக்காற்று. 30க்கு 16.

ஆகஸ்ட் 3, சனி. ஆடி 18

மதினி கலந்த சாதம் கட்டினார். அம்மாவுக்கு எலுமிச்சைச் சாதம் மட்டும் இரண்டு வாய். காய்ச்சல் இல்லை, ஆனால் நேற்றிலிருந்து முகம் சரியில்லை. கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாள். ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லும் விதத்தை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. அமாவாசை

அண்ணன் விடியற்காலையிலேயே கன்னியாகுமரிக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தான். அடுத்த தெருவிலிருந்து இரண்டு வேன்கள் காரையாறுக்குப் போயிருக்கின்றன, சொரிமுத்து அய்யனாருக்கு. ஊர் காலியாக இருக்கிறது, காற்றைத் தவிர.

மத்தியானம் போன் வந்தது. ரிப்போர்ட் தயாராம். நாளைக்கு டாக்டர் பார்ப்பாராம். என்ன என்று போனில் சொல்ல மாட்டார்களாம்.

கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் நின்று எறியும்போது ஒரு விதி இருக்கிறது. தட்டை விட்ட பிறகு, உடம்பு நிலையாக நிற்பதைக் காட்டாமல் குறியைத் தாண்டி முன்னே அடி வைக்கக்கூடாது. தட்டு எங்கே போகிறது என்று பார்க்கும் ஆவலில் கால் தானாகப் போய்விடும். எனக்கு எப்போதும் போய்விடும். இன்று மருமகனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். முப்பது எறிந்தேன், இரண்டு முறை மட்டும் "அத்தை, கால்" என்றான்.

அம்மா ஜன்னலை மூட விடவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

அண்ணன் காரை எடுத்துவிட்டான். தட்டைப் பையில் வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.