ஷான்சி நாட்குறிப்பு: கல்லும் மரமும்

ஜூன் 6, தாத்தோங்

பெய்ஜிங்கில் ரயில் ஏறியது தெரியும், அதற்குள் தாத்தோங் வந்துவிட்டது. நிலக்கரி ஊர். பெய்ஜிங்கையும் பெருஞ்சுவரையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் சீனாவில் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த ஷான்சி மாகாணத்தில்தான் இருக்கின்றன. கூட வந்திருக்கும் கதிர் தச்சுவேலைக்காரன். இதைக் கேட்டதுமே, "அப்போ அங்கதான்டா போகணும்" என்று முடிவு செய்துவிட்டான்.

ராத்திரி ஒரு நூடுல்ஸ் கடை. சமையல்காரர் மாவு உருண்டையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, வளைந்த தகடு ஒன்றால் சீவச் சீவ, சீவல்கள் பறந்து போய்க் கொதிக்கும் அண்டாவில் விழுகின்றன. "இழைப்புளி மாதிரியே சீவுறாருடா" என்று கதிர் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மாகாணத்தின் காடிக்கு (வினிகர்) பெரிய பெயர். மேஜைக்கு மேஜை ஒரு குடுவை இருக்கிறது.

ஜூன் 7, யுன்காங் குகைகள்

காலையிலிருந்து மாலை வரை இங்கேதான். வட வெய் அரசின் தலைநகரம் அப்போது தாத்தோங்தான். 446இல் ஒரு பேரரசன் பௌத்தத்தை வேரோடு அழிக்கப் பார்த்தான். அவன் பேரன் காலத்தில், 460இல், தான்யாவ் என்ற துறவியின் மேற்பார்வையில் இந்தப் பாறையைக் குடையத் தொடங்கினார்கள். மரத்தில் செய்தால் எரித்துவிடலாம், மலையை என்ன செய்ய முடியும்? இதற்காகவே கல்லுக்குப் போனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 20ஆம் குகையின் முன்சுவர் எப்போதோ சரிந்துவிட்டதால், 13.7 மீட்டர் உயரப் புத்தர் திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கிறார்.

என்னை நகரவிடாமல் பிடித்து வைத்தது 8ஆம் குகையின் வாசல். ஒரு பக்கம் மூன்று தலை, எட்டுக் கையோடு காளை மேல் மகேசுவரன். எதிர்ப்பக்கம் ஐந்து தலை, ஆறு கையோடு ஒருவர் பெரிய பறவை மேல் அமர்ந்திருக்கிறார். பறவையின் அலகில் ஒரு முத்து. இவரைக் குமாரன் என்கிறார்கள். கருடன் மேல் விஷ்ணு என்பவர்களும் உண்டு. முகத்தில் அப்படி ஒரு குறும்பு, கன்னம் உப்பிய சிரிப்பு. எனக்கு முருகனேதான். நம் பக்கத்துத் தெய்வங்கள் பௌத்தத்தோடு பாலைவனப் பாதை வழியாக இங்கே வந்து வாசல் காக்கிறார்கள். கை கூப்பாமல் நகர முடியவில்லை.

முன்பெல்லாம் நிலக்கரி லாரிகள் போகும் நெடுஞ்சாலை குகைகளுக்கு முன்னாலேயே ஓடியதாம். சிலைகள் மேல் கரித்தூள் படிந்தது. 1990களில் அந்தச் சாலையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 8, ஹெங்ஷான், தொங்கும் கோயில்

சீனர்கள் போற்றும் ஐந்து பெருமலைகளில் வடக்கு மலை ஹெங்ஷான். 2016 மீட்டர். ஏறி இறங்கினோம், மூச்சு வாங்கியது, காற்று நன்றாக இருந்தது.

அதன் அடிவாரப் பள்ளத்தாக்கில், செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது தொங்கும் கோயில். தொடங்கியது 491இல், இப்போது பார்ப்பதில் பெரும்பகுதி பிற்காலத்து மிங், சிங் அரச வம்சங்களின் திருப்பணி. கீழிருந்து பார்த்தால் ஒல்லிக் கம்பங்கள்தான் அத்தனையையும் தாங்குவது போலத் தெரியும். கதிர் மேலே போனதும் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தான். "கம்பத்துல பெரிசா பாரமில்லடா. உத்தரத்தைப் பாறைக்குள்ள சொருகியிருக்காங்க. பாதிக்கு மேல உள்ளதான் இருக்கும்." அதுதான் உண்மையும். மேலே பாறை முன்னால் துருத்தியிருப்பதால் மழையும் நேரடியாக அடிப்பதில்லை. உச்சியில் ஒரு சிறிய அறைக்குள் புத்தர், தாவோ நெறியின் லாவோசி, கன்பூசியஸ் மூவரும் பக்கத்தில் பக்கத்தில். வரிசை நகரச் சொன்னதால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

ஜூன் 9, யிங்ஷியன்

மரக் கோபுரம். 1056இல் லியாவ் அரசு காலத்தில் கட்டியது, 67 மீட்டர் உயரம். சட்டகம் முழுக்க மரப் பொருத்துதான், இரும்பு ஆணியை நம்பி நிற்கவில்லை. எத்தனையோ நிலநடுக்கம் பார்த்துவிட்டது. இப்போது நடு மாடிகள் சாய்ந்திருப்பதால் மேலே ஏற அனுமதியில்லை. சுற்றிச் சுற்றி உழவாரன் குருவிகள், நூற்றுக்கணக்கில். கதிர் கோபுரத்தைச் சுற்றி வந்தவன், பிறகு தரையில் மல்லாந்து படுத்தேவிட்டான். தூணுக்கும் கூரைக்கும் நடுவே அடுக்கும் தாங்குகட்டைகளில் மட்டும் 54 வகை. காவலர் சிரித்துக்கொண்டே போனார்.

ஜூன் 11, வூதாய்ஷான்

மஞ்சுஸ்ரீ போதிசத்துவரின் மலை. ஐந்து தட்டையான சிகரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோயில். நாங்கள் ஏறியது வடக்குச் சிகரம், 3061 மீட்டர். வட சீனாவில் இதுதான் உச்சம். மரமே இல்லாத புல்வெளி, ஜூனிலும் பல் கிட்டுகிற காற்று. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா மூன்று அடி எடுத்து வைப்பார், விழுந்து வணங்குவார், எழுந்து மறுபடி மூன்று அடி. முழங்காலில் துணிப் பட்டை, நெற்றியில் மண். கடந்து போகக் கூச்சமாக இருந்தது. அவர் கையசைத்துப் போகச் சொன்னார்.

இந்த மலையில் 8ஆம் நூற்றாண்டில் அமோகவஜ்ரர் என்ற பௌத்தத் துறவி எழுப்பிய ஜின்கே கோயிலுக்குத் தங்க முலாம் பூசிய ஓடு வேய்ந்தார்களாம். அவருடைய குரு வஜ்ரபோதி, பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாகச் சீனா வந்தவர்.

ஜூன் 12, ஃபோகுவாங் கோயில்

இதற்காகத்தான் வந்தேன். தாங் வம்ச காலத்து (618–907) மரக் கட்டடம் சீனாவில் ஒன்றுகூட இல்லை, பார்க்க வேண்டுமானால் ஜப்பானின் நாராவுக்குத்தான் போக வேண்டும் என்று ஜப்பானிய அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சீனக் கட்டடக்கலை ஆய்வாளர்களான லியாங் சுசெங், லின் ஹுய்யின் தம்பதிக்கு அது பொறுக்கவில்லை. மேற்குப் பாலைவனத்தில் இருக்கும் துன்ஹுவாங் குகையின் சுவரோவியம் ஒன்றில் இந்தக் கோயிலின் பெயரைப் பார்த்துவிட்டு, 1937 கோடையில் கோவேறு கழுதையில் இங்கே வந்து சேர்ந்தார்கள். கூரைக்குள் வௌவாலும் மூட்டைப்பூச்சியும். உத்தரத்தின் அடியில் மங்கலான மை எழுத்தை முதலில் கண்டவர் லின். தூசியைக் கழுவித் துடைக்கத் துடைக்க, நிங் கோங்யு என்ற பெண்ணின் பெயர் தெரிந்தது. கோயிலுக்குப் பொருள் கொடுத்தவள். வாசலில் நிற்கும் கல்தூணிலும் அதே பெயர், கூடவே ஆண்டும்: 857.

உள்ளே பிரமாண்டமான சிலைகளுக்கு ஓரமாக, பீடத்தின் மூலையில், சாதாரண ஆளின் அளவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் நிங் கோங்யு. அரசியும் இல்லை, தெய்வமும் இல்லை. லின் அவள் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. இவர்கள் கண்டுபிடித்த அதே வாரத்தில்தான் பெய்ஜிங் பக்கத்தில் ஜப்பானோடு போர் வெடித்தது. மலைக்குள் இருந்தவர்களுக்குச் சில நாள் கழித்துத்தான் சேதி வந்தது.

கதிர் வெளியே ஒரு தூணருகே நின்று அண்ணாந்து பார்த்தான். "தாங்குகட்டை அடுக்கு மட்டும் தூணுல பாதி உயரம் வருதுடா. இவ்வளவு தைரியமா இப்ப யாரும் செய்ய மாட்டாங்க." பிறகு நோட்டை எடுத்து வரைய உட்கார்ந்தான். வண்டிக்காரர் அவசரப்படுத்தவில்லை, பைன் மர நிழலில் தூங்கிவிட்டார்.

நாளை நான்சான் கோயில். 782, இதைவிட 75 வருடம் மூத்தது, ஆனால் ரொம்பச் சின்னது. அதே வண்டிக்காரரைக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.