ஆர்எக்ஸ் 100: போர்ட்டிங்கில் போன பிளாக்கும் லேத்காரர் காட்டிய மெக்கானிக்கும்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்று சொன்னால் போதும், "அப்படியே 135 இன்ஜினை மாட்டிடுங்க" என்பார்கள், அதாவது அதே கம்பெனியின் ஆர்எக்ஸ் 135 வண்டியின் பெரிய இன்ஜினை. தாம்பரம் பக்கம் நான் முதலில் போன கடையிலும் அதேதான். புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் இன்ஜின் கிடைக்கும், சீக்கிரம் முடிச்சிடலாம் ப்ரோ என்றார் மெக்கானிக். என் வண்டி 1995 மாடல். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பரைப் பார்ப்பார். நம்பர் அடித்திருக்கும் கேஸில், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டில், வேறு நம்பர் இருந்தால் அங்கேயே மாட்டினோம். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பது வேறு கவலை.

சரி, உங்க கேஸ்லயே 135 பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) போட்டுடலாம் என்றார். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் இரண்டுக்கும் ஒன்றுதான், 50 மி.மீ.; சிலிண்டர் குழியின் விட்டமான போர்தான் 50-லிருந்து 58 ஆகிறது. ஆனால் அதற்குக் கேஸின் வாயைக் கடைய வேண்டும். ஆர்.சி.யில் 98 சி.சி. என்று போட்டிருக்க உள்ளே 132 ஓடினால் பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடிக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றேன்.

கடைசியில் 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், போர்ட்டிங் (சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளை அரைத்துப் பெரிதாக்குவது), கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட் மாற்றம் என்று முடிவானது. பிஸ்டன் கிட்டை ஜி.பி. ரோட்டில் நானே வாங்கிக் கொடுத்தேன். சொன்ன தேதி தள்ளிப்போனாலும் வண்டி வந்துவிட்டது. சத்தமும் பிரமாதம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டி, ரன்னிங்-இன், அதாவது புதுப் பிஸ்டன் பழகும் காலம் என்பதால் நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று பின் சக்கரம் இறுகியது. விரல் கிளச்சிலேயே இருந்ததால் விழாமல் தப்பித்தேன். பின்னால் லாரி எதுவும் ஒட்டி வரவில்லை என்பது என் அதிர்ஷ்டம். டூ-ஸ்ட்ரோக்கில் புதுப் பிஸ்டன் போட்டிருந்தால் கிளச் மேல் இரண்டு விரல் எப்போதும் இருக்கட்டும்.

வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், கழற்றிக்கூடப் பார்க்காமல் "ஆயில் சரியில்ல ப்ரோ" என்கிறார். நகராமல் நின்று பிளாக்கைக் கழற்ற வைத்தேன். பிஸ்டன் ரிங் உடைந்து, புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டில் சிக்கி, பிஸ்டனையும் சுவரையும் கீறியிருந்தது. போர்ட்டிங் என்ற பெயரில் போர்ட்டை அகலமாக அரைத்துத் தள்ளிவிட்டு, விளிம்பை மழுக்காமல் விட்டிருக்கிறார். கத்தி மாதிரி இருந்த அந்த விளிம்பில் ரிங் மேலும் கீழும் போய்வந்தால் எத்தனை நாள் தாங்கும்? இதைக் கேட்டால், பிளாக்கைக் கடைந்து போர் போட்டது லேத்காரன்தான் என்று அடுத்த ஆள் மேல் பழி.

பிளாக்கைப் பிடுங்கிக்கொண்டு, உள்ளே புது ஸ்லீவ் (உள்குழாய்) போட முடியுமா என்று கேட்க வேறொரு லேத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் போர்ட்டை விரலால் தடவிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஸ்லீவ் போடலாம் என்று சொல்லிவிட்டு, "யார்கிட்ட மாட்டப் போறீங்க தம்பி?" என்றார். தெரியவில்லை என்றதும் செங்கல்பட்டில் ஒருவரைச் சொன்னார். மெக்கானிக் தேடுகிறவர்கள் யூடியூபை விட்டுவிட்டு முதலில் போரிங் லேத்தில் விசாரியுங்கள். யார் அளவு சொல்லி வேலை வாங்குகிறார், யார் "ஏதோ பார்த்துப் போடுங்க" என்று பிளாக்கை வீசிவிட்டுப் போகிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கடைகளின் ஸ்டார் ரேட்டிங்கில் அது வராது.

செங்கல்பட்டு அண்ணன் விலை பேசவே இல்லை. முதலில் கிராங்க் தண்டின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் சீல்களைப் பார்த்தார். மேக்னெட் பக்கத்து சீல் காய்ந்து கட்டையாகியிருந்தது. அதன் வழியாகக் காற்று இழுத்தால் மிக்ஸ்சர் லீன் ஆகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும், இன்ஜின் சுடும், எவ்வளவு நல்ல பிஸ்டனும் ஜாம் ஆகும். முதல் கடை அதைத் தொடவே இல்லை. கிளச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை வரும், அதுவாவது கண்ணுக்குத் தெரியும் என்றார்.

பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் போர் போடக் கொடுத்தார். பிஸ்டனுக்குத்தான் போர், போருக்குப் பிஸ்டன் இல்லையாம். பிளாக் திரும்பி வந்ததும் போர்ட் விளிம்புகளைக் கல்லால் கையாலேயே மழுக்கினார். ரிங்கை மட்டும் உள்ளே இறக்கி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்துப் பார்க்கும்போது என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். போர்ட்டை இன்னும் பெரிதாக்கலாமா என்று கேட்டேன். "ஏற்கெனவே பட்டது போதாதா?" என்று முறைத்தார். ஜெட்டை ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்துத்தான் மாற்றினார். வெளுத்திருந்தால் லீன், கறுத்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்), காப்பிப்பொடி நிறம் வரும்வரை விடவில்லை. கழற்றிய சாமான் எல்லாவற்றையும் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். அவர் பெயரைக் கேட்காதீர்கள். இருக்கிற வேலையே மூச்சு முட்டுகிறது, வெளியே சொல்லாதே என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இப்போது கத்திப்பாரா மேம்பாலத்தில் ஆள் வைத்துக்கொண்டே மூன்றாவது கியரில் முனகாமல் ஏறுகிறது. 135 அளவுக்கு இல்லைதான், எனக்குப் போதும். முதல் கடையில் லேபர் காசைத் திருப்பிக் கேட்கப் போனேன். பாதியைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு அடுத்த சர்வீஸ் ஃப்ரீ ப்ரோ என்கிறார்.